வயது ஒரு நோயல்ல

“எண்பது வயது தாண்டிவிட்டது, இனி என்ன வைத்தியம்?” என்ற பேச்சு நம் மத்தியில் சர்வசாதாரணமாகிவிட்டது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் முதியோரே இப்பேச்சைத் தொடக்கிவைப்பதுமுண்டு. பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாதென்று எண்ணிச் சாப்பாட்டைக் குறைத்து, வயிற்று நோவை மறைத்துக்கொள்கிறார்கள். இந்நிலை மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

இரைப்பைப் புண்ணுக்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பக்ரீரியா. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், றொபின் வாறன் என்ற வைத்தியர்கள் இதனை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். உறைப்பும் கவலையுமே புண்ணை உண்டாக்கும் என்ற பழைய எண்ணம் இதனால் மாறியது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிகொல்லி மருந்துகளையும் வைத்தியர் சொன்ன நாட்கள்வரை, பெரும்பாலும் 14 நாட்கள், தவறாது எடுத்தால் அநேகருக்கு இக்கிருமி ஒழிந்துவிடும்.

மற்றக் காரணம் நோக்குளிசைகள். வயலிலும் தோட்டத்திலும் உழைத்துத் தேய்ந்த முழங்காலுக்கும் இடுப்புக்குமெனக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக், இபுபுறோபன் போன்றவை இரைப்பையின் உட்சுவரைப் பலவீனப்படுத்துகின்றன. வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. முதியோருக்குப் புண் இருந்தும் நோ தெரியாமற் போகலாம். தார் போன்ற கறுத்த மலம், களைப்பு, தலைச்சுற்று ஆகியனவே முதல் அடையாளங்களாக இருக்கக்கூடும். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுதல், காரணமின்றி மெலிதல் என்பவற்றையும் அசட்டை செய்யக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுவோருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

குழாய்விட்டுப் பார்க்கும் என்டோஸ்கோப்பிப் பரிசோதனையை முதியவர் தாங்கமாட்டார் என்று நாமே தீர்ப்பளிக்கிறோம். வயது மட்டும் அதற்குத் தடையல்ல. இருதயம், சுவாசம், உடற்பலம் என்பவற்றைப் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார். இரத்தம் கசியும் புண்ணை அக்குழாய் வழியாகவே அடைக்கவும் முடியும். எல்லாப் பரிசோதனையும் எல்லோருக்கும் தேவை என்று நாம் சொல்லவில்லை. வேண்டுமா, வேண்டாமா என்பதை முதியவரிடமே கேட்கவேண்டும் என்கிறோம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உள. நோவுக்கு முதலில் அளவான பரசிற்றமோல் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குளிசைகளை நிமிர்ந்திருந்து நிறையத் தண்ணீருடன் கொடுங்கள்; உடனே படுக்கவிடாதீர்கள். ஒமிப்பிரசோல் தந்தால் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னர் கொடுங்கள். அதனையும் விசாரியாமல் வருடக்கணக்கில் தொடரவேண்டாம். இருதயத்துக்குத் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம். கிளினிக் செல்லும்போது கடையில் வாங்கியவை உட்பட எல்லா மருந்தையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டுபோங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது இளையோருக்கு மட்டும் உரியதன்று. காணியைத் திருத்தி, குளத்தைக் காத்து நம்மை ஆளாக்கியவர்கள் இன்று பசியில்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பது நமது கடமை.