இரட்டை நகரங்களுக்குக் கவிஞரை அனுப்புங்கள்

இன்டர்லாக்கனுக்கு வரும் இந்தியப் பயணிகள் என்னை வழியில் கண்டால் இரண்டு கேள்வி கேட்பார்கள். யுங்ஃப்ராவ் மலைக்குப் போக டிக்கெட் எங்கே மலிவு? யஷ் சோப்ரா சிலை எங்கே? மலிவாக ஒன்றும் இந்த ஊரில் கிடைத்து நான் பார்த்ததில்லை. சிலைக்கு மட்டும் வழி சொல்வேன்: குர்சால் பூங்காவில் இருக்கிறது, 2016இல் வைத்தார்கள். சுவிஸ் மலைகளைப் படம்பிடித்துக் காட்டி இவ்வளவு பேரை இங்கே வரவழைத்த மனிதருக்குச் சிலை வைத்ததில் தப்பேதும் இல்லை. ஆனால் இதே ஊரில் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. ஓட்சு என்ற நகரத்தோடு கொண்ட நட்பின் அடையாளமாக 1995இல் உருவானது. அதற்கு வழி கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

ஓட்சுவும் இன்டர்லாக்கனும் 1978 முதல் இரட்டை நகரங்கள். இன்டர்லாக்கன் துன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே கிடக்கிறது. ஓட்சு, ஜப்பானின் ஆகப் பெரிய ஏரியான பிவாவின் கரையில் இருக்கிறது. தண்ணீர்ப் பொருத்தம் பார்த்த கல்யாணம் என்று சொல்லலாம். மற்றபடி, ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர் எங்களுடையது. அவர்களோ மூன்று லட்சத்துக்கு மேல்.

1980களில் தஞ்சம் கேட்டு வந்து, பெர்ன் மாநிலத்து மலையூர்களின் ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவிய யாழ்ப்பாணத்துப் பொடியன்களில் நானும் ஒருவன். பிறகு சமையல்காரனானேன். ஜப்பானியக் குழுக்களுக்கு எத்தனையோ தடவை சமைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஓட்சு எனக்கு ஒரு பெயர்தான். பழைய சிற்றிதழ்களில் ஹைக்கூ பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் கல்லறை அந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தது. 1694இல் ஒசாகாவில் இறந்தவரை, அவர் விருப்பப்படியே ஓட்சுவின் கிச்சூஜி கோயிலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். தமிழில் ஹைக்கூ எழுதும் எவருக்கும் அது பாட்டன் வீடு மாதிரி. அதே ஊரின் இஷியாமா கோயிலில் இருந்துதான் முராசாகி ஷிகிபு என்ற பெண் 'கெஞ்சியின் கதை' நாவலை எழுதத் தொடங்கினார் என்பது ஐதிகம். அங்குள்ள ஓமி ஆலயத்தில் ஜனவரிதோறும் ஒரு போட்டி நடக்கும். நூறு பழைய கவிதைகள் அச்சிட்ட அட்டைகள் உண்டு. ஒருவர் கவிதையின் முதற்பாதியை வாசிக்கத் தொடங்கியதும், மறுபாதி எழுதிய அட்டையைப் பாய்ந்து தட்டிப் பறிக்க வேண்டும். கவிதையை மனப்பாடம் செய்தவர்கள் மல்யுத்தக்காரர்களைப் போல வியர்க்க விறுவிறுக்க மோதிக்கொள்ளும் ஊர் வேறெங்காவது உண்டா?

எங்கள் பக்கமும் வெறுங்கை இல்லை. பக்கத்து லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அருவியை 1779இல் பார்த்துத்தான் கெதே 'ஆவிகளின் பாட்டு' என்ற கவிதையை எழுதினார். 1816இல் பைரன் இந்த மலைகளில் ஏறி இறங்கினார்; அடுத்த ஆண்டே அவருடைய 'மான்ஃப்ரெட்' நாடகக் கவிதை வந்தது. பக்கத்து ஊரான மாட்டனில் 1912இல் திறந்தவெளியில் ஷில்லரின் 'வில்லியம் டெல்' நாடகத்தை நடிக்கத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் ஷில்லர் சுவிஸ் மண்ணை மிதித்ததே இல்லை. இப்படி இரண்டு ஊர்கள் கைகோத்தால் முதலில் பரிமாற வேண்டியது என்ன? என்னைக் கேட்டால் கவிதை என்பேன். நடைமுறையில் முன்னால் நிற்பது தூதுக்குழு, விருந்து, சுற்றுலா.

ஓட்சுவுக்கு ஜெர்மனியிலும் ஓர் இரட்டை நகரம் உண்டு. அது வூர்ட்ஸ்புர்க். அந்த ஊர்க் கவிஞர் மாக்ஸ் டௌதெண்டை, உலகப் பயணத்தில் ஜப்பானைக் கண்டவர். பிவா ஏரியின் எட்டுக் காட்சிகளை வைத்து 1911இல் காதல் கதைகள் எழுதினார். இஷியாமாவில் இலையுதிர்கால நிலா, கரசாகிப் பைனில் இரவு மழை, மீ கோயிலின் மாலை மணி என்று அந்த எட்டுக் காட்சிகளும் ஜப்பானியருக்கு மரபாகவே வகுத்து வைக்கப்பட்டவை. இடத்தோடு பொழுதையும் சேர்த்துக் கட்டும் இந்த வித்தை, குறிஞ்சிக்கு யாமம், நெய்தலுக்கு எற்பாடு என்று படித்த நமக்குப் புதிதல்ல. டௌதெண்டை 1918இல் ஜாவாவில் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இரு நகரங்களும் ஒப்பந்தம் செய்தன. அங்கே புத்தகம் முந்திக்கொண்டது, மேயர்கள் பின்னால் வந்தார்கள்.

கவிதைப் பரிமாற்றத்தை ஒழுங்காக நடத்திக் காட்டுகிறவர்கள் அயர்லாந்தின் கோர்க் நகரத்தார். கோர்க்கும் இங்கிலாந்தின் கவன்ட்ரியும் 1958 முதல் இரட்டை நகரங்கள். கோர்க்கில் 'ஓ வேல்' என்ற கவிதை வாசிப்புக் கூட்டம் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்களின் ஏற்பாட்டில் கவன்ட்ரிக் கவிஞர்கள் கோர்க்குக்கு வந்து வாசிக்கிறார்கள். கோர்க் கவிஞர்கள் கவன்ட்ரிக்குப் போகிறார்கள். பெரிய மாநாடோ மலரோ கிடையாது. கவன்ட்ரிக்கு இரட்டை நகர உறவின் வேர் ஆழமானது. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுகளால் எரிந்த நகரம் அது. போர் முடியும் முன்பே, 1944இல், தன்னைப்போலவே இடிந்து கிடந்த ஸ்டாலின்கிராடோடு உறவு பூண்டது. அந்த ஸ்டாலின்கிராட்தான் இன்றைய வோல்கோகிராட். சென்னைக்கும் அது இரட்டை நகரம்தான். சென்னைவாசிகள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை.

கேட்க வந்தது என் ஊரைப் பற்றி. 2016 அக்டோபரில் யாழ்ப்பாணமும் லண்டனின் கிங்ஸ்டனும் இரட்டை நகர ஒப்பந்தம் செய்தன. வடக்கு மாகாண முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன் லண்டன் போய்க் கையெழுத்திட்டார். நாங்கள் எல்லோரும் படத்தைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். 2018 அக்டோபரில் மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பதவியில் இருப்பவரின் கையெழுத்தில் மட்டும் தொங்கும் உறவுக்கு இதுதான் கதி. பதவிக்காலம் இல்லாதவர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

அப்படிக் கொடுத்தால் வெறுந்தரையில் தொடங்க வேண்டியிருக்காது. யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கவிஞர் மஹாகவியின் மகன் சேரனின் கவிதைகள், லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் 2013இல் இங்கிலாந்தின் ஆர்க் பதிப்பகத்தில் வெளிவந்தன. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2016இல், ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா எபெலிங்கும் சேர்ந்து மொழிபெயர்த்த ஈழப் போர்க் கவிதைகளை அதே பதிப்பகம் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்துக் கவிதை அந்த நாட்டுக் கடையில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. கிங்ஸ்டன் கவிதைதான் யாழ்ப்பாணத்துக்குத் தமிழில் வந்து சேரவில்லை. அதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இரண்டு மொழியும் தெரிந்து கிங்ஸ்டனிலேயே வளர்ந்திருக்கிறார்கள்.

"வடக்கில் வீடு இல்லை, வேலை இல்லை, காணாமல் போனவர்களைத் தேடி அம்மாமார் தெருவில் இருக்கிறார்கள், இந்த நேரத்தில் உனக்குக் கவிதையா?" என்று என் மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. பணமும் மருத்துவக் கருவியும் போகட்டும், அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உதவி ஒரு பக்கமாகவே ஓடும். கொடுப்பவர் ஒருவர், கும்பிடுபவர் ஒருவர். கவிதைப் பரிமாற்றத்தில் யாழ்ப்பாணம் கையேந்தி நிற்க வேண்டாம். 1981இல் எரிந்த நூலகத்தைத் திரும்பக் கட்டிய ஊர், தன் மேடையில் ஒரு லண்டன் கவிஞரை உட்காரவைத்துக் கேட்கலாம்.

எனக்குள்ள பயம் வேறு. நம்மவர் கையில் இது போனால் குத்துவிளக்கு, பொன்னாடை, ஒன்பது பேச்சாளர், கடைசியில் நேரமில்லாததால் கவிஞருக்கு ஐந்து நிமிடம் என்று முடியும். சூரிச்சிலும் பெர்னிலும் அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்து எழும்பியவன் நான்.

ஆகவே யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் கிங்ஸ்டன் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஊருக்கு ஒரு கவிஞர் போதும். ஹோட்டல் வேண்டாம், யாராவது ஒரு வீட்டில் தங்கட்டும். ஒவ்வொருவரும் மற்றவரின் கவிதைகளில் சிலவற்றை உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மொழிபெயர்க்கட்டும். அந்தக் கவிதைகளை இரண்டு நூலகத்திலும் வாசித்து, சின்னப் புத்தகமாக அச்சிடுங்கள். முதல் ஆண்டு அச்சுக்கூலியில் என் பங்கை நான் தருகிறேன். பொன்னாடை வாங்க ஒரு சதமும் தரமாட்டேன்.