சின்னக் கடைக்கும் சட்டம் மாறும்

'நாலு திரை உள்ள பில்லிங் மென்பொருளுக்கு அடுக்கடுக்காகப் பிரிப்பதெல்லாம் எதற்கு? அது வங்கிக்கும் ரயில்வேக்கும்தான்' என்பது சிறுதொழிலுக்கு மென்பொருள் எழுதுவோரிடம் ஊறிப்போன நம்பிக்கை. நிரல் பெரிதானால்தான் பொறுப்புகளைப் பிரிக்க வேண்டும் என்று இவர்கள் கருதுகிறார்கள். உண்மையில் அந்தத் தேவையை உண்டாக்குவது நிரலின் அளவல்ல, மாற்றம். ஆட்டையாம்பட்டி முறுக்கையே பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இவ்வகை நொறுக்குத்தீனிக்கு 12 சதவீதம். சில மாதங்களிலேயே பிராண்டு இல்லாததற்கு 5 ஆனது. 2022 ஜூலை 18 முதல் பிராண்டைப் பார்ப்பது போய், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியிருக்கிறதா என்பது அளவுகோலானது. 2025 செப்டம்பர் 22 முதல் லேபிள் ஒட்டியதற்கும் 5. பெரிய கம்பெனிக்கு வந்த இதே மாற்றங்கள்தான் ஜிஎஸ்டியில் பதிந்த சிறு முறுக்குக் கடைக்கும் வந்தன.

பில் திரையின் நிரலுக்குள்ளேயே 12 என்று எழுதிவைத்தவர் பில், கிரெடிட் நோட், மாதக் கணக்கு என்று அந்த எண் கிடக்கும் இடத்தையெல்லாம் தேடித் திருத்த வேண்டும். அப்போதும் தீராது. 2025 செப்டம்பர் 21இல் பில் போட்டு விற்ற லேபிள் ஒட்டிய சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட்டில் பழைய 12தான் வர வேண்டும். விகிதத்தை மட்டும் செட்டிங்கில் வைத்தாலும் போதாது. 2022இல் மாறியது எண்ணல்ல, விதி. பொருள், லேபிள், தேதி மூன்றையும் வாங்கிக்கொண்டு விகிதத்தைச் சொல்லும் பகுதி தனியே இருந்தால், திரையையும் பிரின்டரையும் தொட வேண்டியதில்லை.

பிரித்தால் செலவு கூடும் என்பார்கள். ஒரே நிரலுக்குள் எல்லை வகுப்பதற்கும் பத்து சர்வர்களில் சிதறடிப்பதற்கும் வேறுபாடு தெரியாத வாதம் இது. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, சிதறிக் கிடந்த தன் கண்காணிப்புச் சேவையை ஒன்றாக்கியதில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் அறிவித்தது. ஒன்றாக்கிய பிறகும் உள்ளே பகுதிகள் தனித்தனியாகவே இருந்தன. 'எது மாறும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?' என்பது வலுவான கேள்வி. வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காமல், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைக்கச் சொன்னார் மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னஸ், 1972இல். அதற்கு ஆரூடம் தேவையில்லை. முடிவெடுப்பவர் யார் என்று கேட்டாலே போதும். வரியை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில், பில்லின் தோற்றத்தைக் கடைக்காரர், கணக்கின் வடிவத்தை ஆடிட்டர். மூவர் முடிவையும் ஒரே கோப்பில் பிசைந்துவைத்து அதை எளிமை என்பவர், தன் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆகும் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டுகிறார்.