‘ஜி’ என்றோர் எழுத்து

போலந்தின் தென்கோடியில், தாத்ரா மலையடியில், ஆடு மேய்த்தும் மரம் அறுத்தும் வாழ்ந்த குரால் மக்கள்மீது இன்றும் ஒரு பழிச்சொல் உலவுகிறது. நாஜிகளுக்கு நாட்டை விற்றவர்களாம்! விற்றவன் யார்? விலை என்ன? கேட்டுப் பார்ப்போம்.

1939 நவம்பர் 7. வீழ்ந்த போலந்தின் கிராக்கோவ் அரண்மனையில், ஆளவந்த ஹான்ஸ் ஃபிராங்க்கின் முன்னே மலைநாட்டு உடையில் ஒரு தூதுக்குழு பணிந்து நின்றது. அதன் தலைவன் வாட்ஸ்வாவ் க்ஷெப்டொவ்ஸ்கி. யார் இவன்? நேற்றுவரை உழவர் கட்சியின் வட்டாரத் தலைவன்! உழவருக்காக முழங்கிய வாய், வந்தவனுக்கு வாழ்த்துப் பாடிற்று.

மலைமக்கள் போலந்தியர் அல்லர். ஜெர்மானியக் குருதி கலந்த தனி இனத்தவர் என்றது நாஜியம். கிராக்கோவில் அமைத்த ஆய்வுக் கழகத்தின் ‘அறிஞர்கள்’ ஊர்புகுந்து தலையையும் முகத்தையும் அளந்தனர். பட்டம் பெற்றோரின் படிப்பு இதற்கா பயன்பட வேண்டும்? பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு, துப்பாக்கி ஏந்தியவனைவிட அளவுகோல் ஏந்தியவன்மீதே சினம் மிகுகிறது.

1942இல் அடையாள அட்டை வந்தது. போலந்தியன் என்றால் ‘பி’. தனி இனம் என்று ஒப்பினால் ‘ஜி’. அந்த ஓர் எழுத்துக்குச் சலுகை உண்டு; மறுத்தால் மிரட்டல் உண்டு. சாக்கோபானே நகரின் ‘பாலஸ்’ விடுதியில் கெஸ்டபோவின் சித்திரவதைக் கூடம் நடந்த நாட்கள் அவை! அப்படியிருந்தும் ‘ஜி’ அட்டையை ஏற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. பதினெட்டைக் காட்டி நூறையும் தூற்றுவோரே, எஞ்சிய எண்பத்திரண்டை எந்தக் கணக்கில் எழுதுவீர்?

க்ஷெப்டொவ்ஸ்கி மக்களைக் காக்கவே பணிந்தான் என்று பரிவோடு வாதிடுவோரும் உண்டு. காக்க வந்தவன், மலைநாட்டு இளைஞரை எஸ்.எஸ். படைக்கு அழைத்தது ஏன்? அழைப்பை ஏற்று வந்தோர் சில நூறு பேர். அவர்களிலும் பலர் தப்பியோட, படை உருப்பெறாமலே கலைந்தது. தலைவனைவிடத் தொண்டருக்குத் தெளிவிருந்தது!

அதே க்ஷெப்டொவ்ஸ்கி குடியில் பிறந்த யூசெஃப், பனிமலை கடந்து ஹங்கேரிக்குச் செய்தி சுமந்தான். அதே பணி செய்த பனிச்சறுக்கு வீராங்கனை ஹெலேனா மருசஷுவ்னா 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டாள். அதே ஆண்டில் எதிர்ப்பு இயக்கம் கண்ட கவிஞர் அவுகுஸ்தின் சுஸ்கி, ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். இவர்களும் அந்த மலையின் மக்கள்தாம்.

1945 சனவரி 20ஆம் நாள், செஞ்சேனை சாக்கோபானேயை அடையுமுன்பே, போலந்து விடுதலைப் படையினர் க்ஷெப்டொவ்ஸ்கியைத் தூக்கிலிட்டனர்.