சுவரில் இரண்டு கோடுகள்



சென்னை வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு. கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற மட்டம் அது. "மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு தம்பி, மழைக்காலம் வந்தா மறுபடி தெரியுது" என்றார் அங்கே குடியிருக்கும் அம்மா. அதற்குக் கீழே மங்கலாக இன்னொரு கோடு. அது 2023 மிக்ஜாம் புயலின் கணக்கு.

தண்ணீர் ஏன் அங்கே வந்தது என்று கேட்டால் இயற்கைப் புவியியலிடம் பதில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. மழை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் பக்கம் கடலில் சேர வேண்டும். கிட்டத்தட்ட சமதளமான பூமி, தண்ணீர் ஆற அமரத்தான் வடியும். அது தங்கிப்போக இடம் வேண்டும்.

அந்த இடம் எங்கே போனது? இங்கிருந்து மானிடப் புவியியல் தொடங்குகிறது. நெல் விளையாத சதுப்பு, அரசுக் கணக்கில் வெறும் புறம்போக்கு. அதனால் பெருங்குடியில் குப்பை கொட்டினார்கள், ரோடு போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது 1,248 ஹெக்டேர்தான்.

மாடி வீடு பார்க்கலாமே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "மாடின்னா ரெண்டாயிரம் கூடக் கேக்குறாங்க." தண்ணீரைக் கொண்டுவந்தது நிலத்தின் சரிவு, அதில் யார் நிற்பது என்று தீர்மானித்தது அந்த இரண்டாயிரம் ரூபாய். மழையை அளப்பவரும் வாடகையை விசாரிப்பவரும் ஒரே வீட்டு வாசலில் சந்திக்காதவரை, நம் சுற்றுச்சூழல் ஆய்வு பாதிக் கிணறுதான் என்பது என் உறுதியான எண்ணம். கல்லூரியில் இயற்கைப் புவியியலையும் மானிடப் புவியியலையும் தனித்தனித் தாளாக எழுதித் தேறியவன் நான். சேர்த்துப் படிக்க எனக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டது.

இந்த இதழின் கட்டுரைகளை அந்த நினைப்போடுதான் தொகுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படிக் கோடு இருந்தால் அளந்து எழுதுங்கள்: தரையிலிருந்து எத்தனை அடி, எந்த வருடம், அன்று அங்கே இருந்தவர் சொந்தக்காரரா, வாடகைக்கு இருந்தவரா.

அன்புடன்,
ஆசிரியர்