ஒற்றை அறிக்கையும் ஆயுள் மாத்திரையும்

மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து சிகிச்சைக்கு வரும் பெண்கள் பலர் ஏறத்தாழ ஒரே வகையான ஆய்வக அறிக்கையைக் கொண்டு வருகின்றனர். தைராக்சின் அளவு இயல்பாக இருக்கும். டிஎஸ்எச் மட்டும் 6 அல்லது 7 எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். சிலர் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரையையும் தொடங்கிவிட்டே வருகின்றனர். இவ்வாறு ஒற்றை அறிக்கையை நம்பி ஆயுள் முழுவதற்குமான மருந்தைத் தொடங்குவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

டிஎஸ்எச் என்பது, வேலை செய்யுமாறு தைராய்டுக்குப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏவல். தைராய்டு சற்றுத் தளர்ந்தால் ஏவல் உரக்கும். கடும் நோயிலிருந்து தேறிவரும் வேளையிலும் அது தற்காலிகமாக உயரக்கூடும். 65 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இலேசாக உயர்ந்திருந்த அளவு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மருந்தின்றியே இயல்புக்குத் திரும்பியது. 10-ஐத் தாண்டியவர்களிடம் அவ்வாறு திரும்பியது அரிது. ஆகவே இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே முதல் வேலை.

மீண்டும் உயர்ந்தே இருந்தால், யாருக்கு நோய் முற்றும்? இதற்கு இன்றும் நாங்கள் நாடுவது இங்கிலாந்தின் விக்கம் ஊர் மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிடப்பட்ட ஆய்வையே. டிஎஸ்எச் உயர்வுடன், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வர் என்ற அளவில் முழுக் குறைபாட்டை அடைந்தனர். எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் அது மூவருக்கும் குறைவு. ஓராண்டுக்கு இது சிறிய எண். 20 ஆண்டுகளில் முதல் பிரிவினரில் பாதிக்கு மேற்பட்டோர். எஞ்சியோர் அந்நிலையை எட்டவே இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எதிர்ப்பொருள் பரிசோதனையை ஒருமுறை செய்தாலே போதும். ஆண்டுதோறும் அதற்குச் செலவிடுவது வீண்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புவோரும் இக்கணக்கில் அடங்கார். அவர்கள் காத்திருத்தல் கூடாது. உடனே வர வேண்டும். டிஎஸ்எச் 10-க்கு மேல் நீடிப்பவர்களுக்கும் பெரும்பாலும் மருந்தே தருகிறோம்.

"சோர்வாக இருக்கிறதே, டாக்டர்?" என்பர். வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் சோர்வுக்கு இரத்தசோகை, நீரிழப்பு, உறக்கமின்மை என எத்தனையோ காரணங்கள் உண்டு. தைராய்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இவை கவனிப்பாரற்றுப் போகும். முதியோரிடம் நடத்தி 2017-இல் வெளியான சோதனையில், இலேசான குறைபாட்டுக்கு மாத்திரை உண்டவர்களின் சோர்வு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிடக் குறையவில்லை.

இனி உப்பு. கடலோரத்தில் வாழ்வதால் அயோடின் தானே கிடைத்துவிடும் என்று இங்கே பலர் நம்புகின்றனர். பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் மிகச் சொற்பம், பின்னர்தான் சேர்க்கப்படுகிறது. உணவுக்கென அயோடின் கலவாத உப்பை விற்பதற்கு 2006 முதல் நாடெங்கும் தடை உண்டு. அளத்திலிருந்து அப்படியே வீட்டுக்கு எடுத்துவரும் கல்லுப்பைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டா. டிஎஸ்எச் உயர்ந்துவிட்டது என அயோடின் உப்பை நிறுத்துவதும், கூடுதல் அயோடின் மாத்திரை உண்பதும் ஒருசேரத் தவறு.

மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். கூடுமானவரை அதே ஆய்வகத்தில், காலை வேளையில் இரத்தம் கொடுங்கள். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும்.