கண்ணை விற்றுச் சித்திரமா?



காரைக்கால் கடலோரத்தில் இறால் குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். துடுப்புச் சக்கரங்கள் சுழன்று நீருக்குக் காற்றூட்டும். இன்று நம் நாட்டுக் குட்டைகளில் வளர்வது பெரும்பாலும் வனாமி இறால். பசிபிக் கடலைச் சேர்ந்த இதை இந்தியாவில் வணிகமுறையில் வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது. குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து வருகின்றன. அவற்றின் தாய்க்குப் பெரும்பாலும் ஒரு கண் இருக்காது! ஏன் தெரியுமா?

இறாலின் கண் ஒரு காம்பின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள், சினை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் சுரக்கிறது. கடலில் தக்க சூழல் அமைந்ததும் தடை தளரும். தொட்டியிலோ, நாம் நினைத்த நாளில் இறால் சினைப்படாது. எனவே ஒரு காம்பை நசுக்கியோ வெட்டியோ அகற்றுகிறார்கள். சில நாட்களில் சினை முதிர்கிறது. ஒரே தடவையில் லட்சம் முட்டைகளுக்கு மேலும் கிடைக்கும். இந்த உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பனூஸ் 1943-இல் வெளியிட்டார். அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது!

முட்டை பெருகினால் போதுமா? குஞ்சு பிழைக்க வேண்டாமா? ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் அகற்றாத தாயின் குஞ்சுகளையும் கண் அகற்றிய தாயின் குஞ்சுகளையும் நோய்க்கிருமிகளுக்கு உட்படுத்தி ஒப்பிட்டார்கள். 2021-இல் வெளியான அம்முடிவின்படி, முழுக்கண் தாயின் குஞ்சுகளே கூடுதலாகப் பிழைத்தன. வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தால் சில நாட்களில் குட்டையே காலியாகிவிடும். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவருக்கு இது சிறிய செய்தியா?

“கண்ணை அகற்றாவிட்டால் ஓர் இரவில் முட்டையிடும் தாய்கள் குறையுமே” என்று பொரிப்பகத்தார் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு வழி உண்டு. பெண் இறால்களைக் கூடுதலாக வைத்து, கணவாய், மணற்புழு போன்ற சத்துள்ள இரை கொடுத்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாகப் பேணலாம். செலவு சற்றுக் கூடலாம். குஞ்சு பிழைத்தால் அது வீண் செலவாகாது.

இறாலுக்கு வலிக்குமா என்றும் சிலர் ஐயுறலாம். பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம், இறால், நண்டு இனங்களையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே என் கருத்து இதுதான்: குஞ்சு வாங்குபவர் விலையை மட்டும் கேட்கக் கூடாது, “தாய்க்கு இரண்டு கண்ணும் உண்டா?” என்றும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இறால் வளர்ப்பவர் இருந்தால், இந்தக் கேள்வியை அவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்களேன்!