போடிமெட்டு ஏறும் எஸ்யூவிக்கு எந்த டயர்? ஐப்பசிக்கு முன் போட வேண்டிய கணக்கு

புரட்டாசி பாதி தாண்டியதும் போடிநாயக்கனூர் டயர் கடைகளில் ஓர் உரையாடல் தவறாமல் நடக்கும். ஆயுத பூஜை விடுமுறைக்கு சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ எஸ்யூவியில் வந்திறங்கிய இளைஞர். குடும்பத்துக்கு மலைக்கு மேலே, பூப்பாறை பக்கமோ சாந்தன்பாறை பக்கமோ, கொஞ்சம் ஏலத்தோட்டம். “அண்ணே, தீபாவளிக்கு மேல ஏறணும். டயர் தாங்குமா?” கடைக்காரர் குனிந்து பார்ப்பார், விரலால் ஒரு தடவு தடவுவார். “பட்டன் இன்னும் நிக்குது தம்பி, சித்திரை வரைக்கும் ஓட்டலாம்.”

மாசியில் கேட்டிருந்தால் அது சரியான பதில். ஐப்பசிக்கு முன்னால் அது தப்பான பதில்.

காரணம் ரப்பரில் இல்லை, மலையில் இருக்கிறது. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85, போடியைக் கடந்து முந்தலில் மலையைத் தொடுகிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏறி போடிமெட்டை அடைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கச் சரிவைத்தான் நனைக்கும். போடி மழை மறைவில் காய்ந்து கிடக்கும். அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். கிழக்கு பார்த்த போடிமெட்டுச் சரிவு அதை நேருக்கு நேர் வாங்கும். பாறை உருண்டு, மண் சரிந்து போக்குவரத்து நிற்பது அந்த மாதங்களில்தான்.

மழையோடு சேர்ந்தே ஏல அறுவடையும் நடக்கிறது. விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். சாயங்காலம் அதே ஜீப்புகள் நிறைய ஆட்களோடு இறங்கும். ஒரு எஸ்யூவி வளைவில் அரை அடி வழுக்கினால் எதிரே இருப்பது பெரும்பாலும் அப்படியொரு ஜீப்தான். ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் எஸ்யூவிக்குள் இருப்பவருக்கு. ஜீப்பின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் இல்லை. ஆகவே டயர் என்பது இங்கே வண்டிக்காரரின் சொந்த ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல.

‘விண்டர் டயர்’ வேண்டாம்

யூடியூபில் தேடினால் முதலில் வருவது ஐரோப்பிய, அமெரிக்க வீடியோக்கள். குளிர்காலத்துக்கு முன் டயர் மாற்று, பனிமலைச் சின்னம் பார்த்து வாங்கு என்பார்கள். அந்த டயரின் ரப்பர், சுமார் 7 டிகிரிக்குக் கீழே மற்ற டயர்கள் விறைக்கும்போதும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. மூணாறில் தை மாதத்துச் சில விடியல்களில் உறைபனி படர்வது உண்மைதான். அதற்காக அந்த டயரைப் போட்டுக்கொண்டு போடி வெயிலில் ஓட்டினால் ரப்பர் சாக்பீஸ் மாதிரி தேயும். டயரின் ஓரத்தில் ‘எம்+எஸ்’ என்று இருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். சேறும் பனியும் தாங்கும் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. அதற்கென்று தனியாக ஒரு தேர்வு கிடையாது.

ஏலமலைக்குக் குளிர்காலம் என்றால் மழைக்காலம்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நனைந்த தாரில் இது எவ்வளவு பிடிக்கும்?

1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம், பாதுகாப்பு அல்ல

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 8 மி.மீ.யை ஒட்டி இருக்கும். இந்திய மோட்டார் வாகன விதிப்படி கார்களுக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் ‘நிக்குது’ என்று சொல்வது இந்தக் கோட்டை வைத்துத்தான். ஆனால் 1.6-இல் மிச்சமிருப்பது, தண்ணீரை வெளியேற்றும் பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மழை மலைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவதுதான் நியாயம். ஆழம் அளக்கும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. விரல் தடவல் வேண்டாம்.

இது பயமுறுத்தலா, கணக்கா? போட்டுப் பார்க்கலாம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் இறங்கும் சரிவு, மணிக்கு 40 கி.மீ. வேகம், நனைந்த சாலை. நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால், பிரேக் மிதித்த இடத்திலிருந்து வண்டி நிற்க சுமார் 10 மீட்டர். தேய்ந்து விறைத்த டயருக்கு அது 0.4 என்றால் 19 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும். அதில் 11 மீட்டர் ஏற்கெனவே போயிருக்கும். ஒரு டயர் 21 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்று 30-இல். நடுவில் உள்ள 9 மீட்டரில் ஒரு ஜீப்பும் மிச்ச இடமும் அடங்கிவிடும்.

தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதந்துவிடும் பிரச்சினை மலையில் அவ்வளவாக வராது, அங்கே வேகம் குறைவு. அது தேனி–மதுரை ரோட்டுப் பிரச்சினை. 1960-களில் நாசா ஆய்வில் பிறந்த ஒரு தோராயச் சூத்திரப்படி, 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தேங்கிய நீரில் மணிக்கு 95 கி.மீ.யை ஒட்டி மிதக்கத் தொடங்கும். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83-லேயே. பட்டனும் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்னால்.

பெரிய வீல், மெல்லிய டயர்: யாருக்கு லாபம்?

‘ஸ்போர்ட்டி’ எஸ்யூவி என்றாலே இன்று பெரிய அலாய் வீல். எக்ஸ்யூவி700-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 235/65 ஆர்17, 235/60 ஆர்18 என்று இரண்டு அளவுகள் உண்டு. இரண்டிலும் டயரின் மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 737-க்கும் 739-க்கும் இடையே 2 மி.மீ. வித்தியாசம். ஆனால் பக்கச்சுவரின் உயரம் முதலாவதில் 153 மி.மீ., இரண்டாவதில் 141. ரிம்முக்கும் பாறைத் துண்டுக்கும் நடுவே இருக்கும் மெத்தை அதுதான். மலைச்சாலையில் எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது தார் விளிம்பில் இறங்கி ஏற வேண்டியிருக்கும், மழையில் உருண்ட கல் மேல் ஏற வேண்டியிருக்கும். அப்போது வெடிப்பது பக்கச்சுவர். அதை பஞ்சர் ஒட்ட முடியாது.

கம்பெனி கொடுத்த 18 அங்குலமே போதாது, 19, 20 போடலாம் என்று ஆசை காட்டும் கடைகள் உண்டு. போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். போடிமெட்டுக்குப் போகிறவர் அந்தப் பணத்தை அதே அளவில் ஒரு தரம் உயர்ந்த டயருக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். அதே மாடலின் கீழ்நிலை வேரியன்ட்டுக்குக் கம்பெனியே சிறிய ரிம் கொடுத்திருந்தால், அதற்கு இறங்குவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. பிரேக் டிஸ்க்குக்கு அந்த ரிம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவுக்குப் பின்னால் 103வி என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 103 என்றால் ஒரு டயர் 875 கிலோ சுமக்கும். ‘வி’ என்றால் 240 கி.மீ. வேகம் வரை. “240-ல யாருங்க போடிமெட்டு ஏறுறாங்க?” என்று சிரிக்கலாம். ஆனாலும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த எழுத்து வேகத்தை மட்டுமல்ல, சூட்டைத் தாங்கும் கட்டுமானத்தையும் குறிக்கிறது.

முரட்டுப் பட்டன் கொண்ட ஆல்-டெரைன் டயர் வேறு கதை. அது சேற்றில் தோண்டிப் பிடிக்கும். நனைந்த தாரிலோ, பெரிய பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் அதிகமாக இருப்பதால், தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பெரும்பாலும் அது நிற்க அதிக தூரம் எடுக்கும், சத்தமும் போடும், எண்ணெயும் குடிக்கும். வாரம் தவறாமல் தோட்டத்து மண்பாதையில் ஏறுகிறவருக்கு அது தேவைதான். வருஷத்துக்கு நாலு தடவை போகிறவர், தார் முடிகிற இடத்தில் எஸ்யூவியை நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறிக்கொள்ளலாம். அந்தப் பாதையை அந்த ஜீப் டிரைவரைவிட நன்றாக அறிந்த டயர் எதுவும் இன்னும் வரவில்லை.

கடையில் என்ன கேட்பது?

ஐரோப்பாவில் ஒவ்வொரு கார் டயரிலும் ஈரப்பிடிப்புக்கு ‘ஏ’ முதல் ‘இ’ வரை தரம் ஒட்டியிருக்கும். இந்தியாவில் ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல்களை 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. புது வடிவமைப்புகளுக்கு அந்த அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஏப்ரல் முதல் படிப்படியாகவும் கட்டாயமானது. நல்ல காரியம். ஆனால் பாஸா ஃபெயிலா என்பது வேறு, எத்தனை மார்க் என்பது வேறு. எரிசக்தி சிக்கன அமைப்பின் நட்சத்திரங்களைப் பார்த்து ஐந்து நட்சத்திரம் என்றால் மழையிலும் ஐந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; அவை எரிபொருள் மிச்சத்துக்கானவை. ஃபிரிட்ஜில் பழகிய கண்ணுக்கு இந்தக் குழப்பம் சுலபமாக வரும். ஆகவே ‘மைலேஜ் தரும்’, ‘ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்’ என்று விற்கப்படுவதைவிட, ஈரப்பிடிப்பை முன்வைத்து விற்கப்படும் டயரைக் கேட்பதே மலைக்காரருக்கு நல்லது. கொஞ்சம் சீக்கிரம் தேயும், பரவாயில்லை.

தயாரித்த தேதியும் முக்கியம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-வது வாரம். நகரத்தில் வாரக் கடைசியில் மட்டும் ஓடும் வண்டிகளில் பட்டன் 5 மி.மீ. இருந்தும் ரப்பர் கட்டிப்போயிருப்பது சகஜம். ஆறு வருஷம் தாண்டியது, நகத்தால் அழுத்தினால் இறங்காதது, பக்கத்தில் மயிரிழை விரிசல் ஓடுவது, இவை எல்லாம் மலையேறத் தகுதியற்றவை.

செலவு சின்னது இல்லை. 18 அங்குலத்தில் நான்கு என்றால் அரை லட்சத்தை ஒட்டி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது ஓர் ஆறுதல்: வரிக்கு முன் 10,000 ரூபாய் டயர், 12,800-இலிருந்து 11,800.

இரண்டு மட்டும் மாற்றினால்?

பட்ஜெட் இல்லாதவர் இரண்டு மாற்றுவார். உடனே முன்பக்கம் போடச் சொல்வார். கிரெட்டா, டைகன், குஷாக் எல்லாம் முன்சக்கர இழுவை. முன் டயர்தான் முதலில் தேய்கிறது, வண்டியை ஏற்றுவதும் அதுதான். தர்க்கம் சரிபோலத் தோன்றும். ஆனால் டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வது நேர் எதிர்: புதுசு பின்னால். ஏறும்போது முன் டயர் சுற்றினால் வண்டி ஏறாது, அவ்வளவுதான். இறங்கும்போது, பிரேக்கில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகியிருக்கும் நேரத்தில், பின் டயர் பிடி விட்டால் வண்டியின் வால் வெளியே வீசும். வளைவில் அதைத் திருப்பிப் பிடிக்க அனுபவமுள்ள டிரைவருக்கே கஷ்டம். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் இந்த விவாதமே இல்லை, நான்கையும் மாற்றியாக வேண்டும். விட்டம் வேறுபட்டால் கியர் அமைப்புதான் அடி வாங்கும்.

காற்று விஷயத்தில் ஊரில் ஒரு பழைய நம்பிக்கை: “மலை ஏறுறப்ப காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கணும்.” வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அளவீடு சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். மேலே 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய அதே ஒன்றரை குறையும். இரண்டும் கழிந்துவிடும். போடியில் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

மாற்றுவதைத் தீபாவளிக்கு முந்தைய நாள் வரை தள்ளுவதில் இன்னொரு சிக்கல். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டிய பிறகுதான் முழுப் பிடி வரும். அந்தக் கிலோமீட்டர்களைக் கொண்டை ஊசியில் கழிக்கக் கூடாது. மூணாறு–போடிமெட்டு இடையிலான சுமார் 42 கி.மீ. அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் பக்கம் வண்டிகள் பறக்கின்றன. அதே வேகத்தோடு மெட்டைத் தாண்டி இறங்கத் தொடங்குபவரை வரவேற்பது முதல் வளைவு. இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்புகிறவருக்கு எந்த டயரும் உதவாது.

இனி, கழற்றிப் போட்ட டயர். அதைப் பெரும்பாலோர் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள், இல்லை சில நூறு ரூபாய் கழித்துக்கொள்கிறார்கள். 3 மி.மீ. பட்டனோடு கழற்றிய டயர் குப்பைக்குப் போவது அபூர்வம். துடைத்து, கருப்புப் பூச்சு ஏற்றி, ‘செகண்ட்ஸ்’ என்று இன்னொரு வண்டிக்கு ஏறும். அந்த வண்டியும் இதே மலையில் ஓடுவதாக இருக்கலாம். பழைய டயர்களை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை 2022-லேயே தயாரிப்பாளர்கள் மீது விதிகள் சுமத்திவிட்டன, ஆனால் கடை வாசலில் நடப்பதை அது தடுப்பதில்லை. புது டயர் மாட்டி முடித்ததும், கழற்றியவற்றின் பக்கச்சுவரில் கண் முன்னாலேயே ஒரு வெட்டுப் போடச் சொல்லலாம். அந்தச் சில நூறு ரூபாய் கழிவு கிடைக்காது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்க்கத்தான் செய்வார்.